நிணமும் என்பும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்து உயிர் வாழும் யான் உடல்நலத்தைப்பற்றிப் பேச முன்வந்தமை கண்டு நும்மிற் சிலர் புன்முறுவல் பூப்பது இங்கிருந்தே தெரிகின்றது. அது தகுதியே. நம் செயலாளர் அவர்கள் வழக்கம்போல் இலக்கியப் பொருளொன்றைப்பற்றியே பேசுமாறு எனக்கு எழுதியிருந்தனர். யானே அதனை மாற்றிக்கொண்டேன். ஏனெனில், சென்ற ஏழாண்டுகளுள் என் இல்லத்துப் பெண்டிர் இருவர்க்கு என்பு முறிந்தது. ஒருவர் என் அன்னையார். மற்றொருவர் என் தமக்கையார். அன்னையார் மிக மெலிந்தவர். தமக்கையார் நல்ல பருமன். இவ்விருவர் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபொழுது, யான் அதுகாறும் உண்மையென நம்பியிருந்த ஒன்று பொய்யாயிற்று. அப்பொய்யால் விளைந்த தீங்கில் என் கையும் உண்டு. அதனையே இன்று நும்முன் கூறப் போகின்றேன்.

அன்னையார்க்கு அப்பொழுது அகவை 68. ஒரு விடியற்காலையில் திண்ணைப் படியினின்று இறங்குங்கால் கால் வழுக்கி ஒருக்களித்து வீழ்ந்தனர். வீழ்ந்த உயரம் இரண்டடியும் இராது. எழ இயலவில்லை. போர்வையைக் கழியிற் கட்டித் தூளியாக்கிச் சாலைவரை சுமந்து சென்று, ஆங்கிருந்து வண்டியில் மலையிறக்கினோம். தொடையென்பின் தலைப்பகுதி இடுப்பிற் பொருந்துமிடத்தே முறிந்திருந்தது. அறுவை மருத்துவம் செய்தும் அவர் மீண்டும் தாமாக நடந்திலர்; பதினோராம் திங்களில் மறைந்தார். இடுப்பு முறிவுற்ற முதியோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டிற்குள் இறந்துபடுகின்றனர் என்பதனைப் பின்னரே அறிந்தேன்.

துக்கம் விசாரிக்க வந்தோர் அனைவரும் ஒரே சொல்லையே கூறினர். "என்புந் தோலுமாய் இருந்தார், முறியாமல் என்செய்யும்?" என்பதே அது. பின்னர் அவர்தம் கண் என் தமக்கையார்பால் சென்றது. "உனக்கு அந்த அச்சமில்லை அம்மா! நீ தாட்டியான உடம்புக்காரி," என்று தேற்றினர். அவரும் தேறினார், யானும் தேறினேன்.

இச்சொல் முற்றிலும் பொய்யா எனின், அன்று. பாதி மெய். பாதி மெய்யாயிருத்தலினாலேயே அது இத்துணைக் காலம் நின்று நிலவுகின்றது. முதலில் அம் மெய்ப்பகுதியைக் காண்போம்.

என்பைக் கல்லென்றும் கட்டையென்றும் கருதுதல் பிழை. அஃது உயிருள்ள பொருள். நம் உடம்பில் ஒவ்வொரு நாளும் பழைய என்பைக் கரைக்கும் உயிரணுக்கள் ஒருபுறமும், புதிய என்பை ஆக்கும் உயிரணுக்கள் மற்றொருபுறமும் வேலை செய்துகொண்டே உள்ளன. வளர்ந்தோர் உடம்பில் ஆண்டொன்றுக்குப் பத்தில் ஒரு கூறு என்பு இவ்வாறு புதுக்கப்படுகின்றது. ஏறத்தாழ முப்பது அகவைவரை ஆக்கம் மிகுதி. அதன்பின் சிறிது காலம் இரண்டும் ஒத்து நிற்கும். பிறகு கரைவு மெல்ல மேலோங்கும். பெண்டிர்க்கு மாதவிலக்கு நின்ற பின்னர் வரும் ஐந்தாறு ஆண்டுகளில் இக்கரைவு மிக விரையும். ஏனெனில், ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீரே கரைக்கும் அணுக்களை அடக்கி வைத்திருப்பது. சூற்பையில் அது சுரத்தல் நின்றவுடன் அவ்வணுக்கள் கட்டவிழ்ந்து போகின்றன.

ஈண்டுத்தான் நிணம் உதவிக்கு வருகின்றது. சூற்பை ஓய்ந்த பின்னரும், உடம்பிலுள்ள கொழுப்புத் தசை வேறு சில சுரப்புநீர்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தருகின்றது. முதிய பெண்டிர்க்கு அந்நீர் கிடைக்கும் தலையாய வாயில் இதுவே. ஆகவே நிணம் அறவே இல்லாத மூதாட்டிக்கு அவ்வுதவியும் இல்லை. இஃது ஒன்று.

இனி, பளு. என்பு தன்மேல் ஏறும் சுமைக்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதனை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் என்பார் 1892-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். இதற்கு விண்வெளிக்குச் சென்றோரே சான்று. எடையற்ற அவ்வெளியில் மிதப்போர் இடுப்பிலும் முதுகிலும் திங்கள்தோறும் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு என்பை இழக்கின்றனர். சுமையில்லையேல் என்புக்கு வேலையில்லை. வேலையில்லாததை உடம்பு வைத்துப் போற்றாது. பருத்த உடம்பினர் நிற்கும்பொழுதும் நடக்கும்பொழுதும் தம் எடையையே சுமையாகத் தாங்குகின்றனர். மெலிந்தோர்க்கு அச்சுமை குறைவு. மற்று, பக்கவாட்டில் வீழுங்கால் இடுப்பைச் சூழ்ந்த நிணம் மெத்தைபோல் அடியைத் தாங்குதலும் உண்டு. என் அன்னையார்க்கு அம்மெத்தையும் இல்லை.

சான்று வேண்டுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நம் மலைக்கு வடக்கே, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர்கள், மாதவிலக்கு நின்று ஐம்பது அகவை கடந்த 150 பெண்டிரை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். இவர்கள் படுக்கையிற் கிடந்தோர் அல்லர், நடமாடிக்கொண்டிருந்தோர். ஆயினும் அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு உடம்பின் ஓரிடத்திலேனும் என்புப்புரை நோய் இருந்தது. உண்ட சுண்ணச்சத்தோ வேண்டும் அளவினும் மிகக் குறைவு. எடை கூடியோர்க்கு என்பின் அடர்த்தியும் கூடியிருந்தது. இது கண்டீர்களா? துக்கம் விசாரிக்க வந்த நம் பாட்டிமார் சொல் வேலூரில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது என்று அன்றே யான் மகிழ்ந்திருப்பேன், இதனோடு படிப்பை நிறுத்தியிருந்தால்.

நிறுத்தவில்லை. எவ்வளவு எடை எவ்வளவு காக்கும் என்னும் கணக்கையும் தேடினேன். உடல் எடையைக் கிலோகிராமிற் கொண்டு, உயரத்தை மீட்டரிற் கொண்டு, உயரத்தை அதனாலேயே பெருக்கி வந்த தொகையால் எடையை வகுத்தால் வருவதனை உடல்நிறை எண் என்பர். ஐந்தடி, அதாவது சற்றேறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 45 கிலோ எடையாயின் அவ்வெண் 20. 56 கிலோவாயின் 25. 67½ கிலோவாயின் 30. பல நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு ஆய்வுக் குழுக்களின் ஏறத்தாழ 60,000 மக்களைப்பற்றிய தொகுப்பாராய்ச்சி ஒன்று 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி, எண் 25 உடையாரை நோக்க, எண் 20 உடையார்க்கு இடுப்பு முறியும் இடர் ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் 25-இலிருந்து 30-க்கு ஏறினோர்க்குக் கிடைத்த ஊதியம் யாது? ஆறில் ஒரு பங்கு குறைவு, அவ்வளவே. மெலிவு நீங்குதல் பெரும்பயன் தருகின்றது. பருமன் மேலும் பெருகுதல் சிறுபயனே தருகின்றது. வயலுக்குப் பாயும் நீர்போலக் கொள்க. வறண்ட வயலுக்கு முதல் மடை உயிர். நிறைந்த வயலுக்கு அடுத்த மடை வீண். அதற்கு மேற்பட்டதோ பயிரை அழுகச் செய்யும்.

அழுகலும் உண்டு என்பதே என் தமக்கையார் கதை.

அவர்க்கு அகவை 59 ஆனபோது பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் ஒரு சிறு பள்ளத்திற் கால் மடங்கிக் கணுக்கால் முறிந்தது. பருத்த உடம்பு காக்கும் என்று நம்பியிருந்த நாங்கள் இதனைக் கண்ணேறு என்றோம். 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றைப் பின்னர்ப் படித்தேன். பத்து நாடுகளில், 55 அகவையும் அதற்கு மேலும் உடைய 60,000 பெண்டிரைத் தொடர்ந்து கண்ட பேராய்வின் பகுதி அது. பருத்தோர்க்கும் பருமனில்லாதோர்க்கும் என்பு முறிதல் ஏறத்தாழ ஒரே அளவினதாகவே இருந்தது. வேறுபாடு முறியும் இடத்தில்தான். பருத்தோர்க்கு மணிக்கட்டு குறைவாக முறிந்தது. கணுக்காலும் மேற்காலும் மிகுதியாக முறிந்தன. கண்ணேறு அன்று, பெரியோர்களே, கணுக்காலுக்கு மெத்தையில்லை, மேலிருந்து வரும் பளுவோ பெரிது.

அஃதன்றியும், நிணம் வாளா கிடக்கும் பண்டம் அன்று. அதுவும் ஒரு சுரப்பி. 1994-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் குழுவினர், கொழுப்பினின்று புறப்பட்டு மூளைக்குச் சென்று பசியை அடக்கும் லெப்டின் என்னும் சுரப்புநீரைக் கண்டறிந்த நாள்தொட்டு இது நன்கு விளங்கிற்று. தொடையிலும் இடுப்பிலும் தோலின்கீழ்ப் படியும் நிணம் பெரும்பாலும் அமைதியுடையது. வயிற்றினுள்ளே குடலையும் ஈரலையும் சூழ்ந்து படியும் நிணமோ அழற்சியை எழுப்பும் பொருள்களை ஓயாமற் குருதியிற் கலந்துகொண்டிருப்பது. அப்பொருள்களே என்பைக் கரைக்கும் அணுக்களுக்கு ஊக்கமளிக்கின்றன. ஆகவே, எவ்வளவு நிணம் என்பதினும் எங்கே நிணம் என்பதே பெருங் கேள்வி.

இக்கேள்வி இந்தியராகிய நமக்கு மிகவும் உரியது. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் அவர்களும் இலண்டன் மருத்துவர் யூட்கின் அவர்களும் 2004-ஆம் ஆண்டில் தம் உடம்புகளையே அளந்து, படத்தோடு வெளியிட்டனர். இருவர்க்கும் உடல்நிறை எண் ஒன்றே: 22.3. ஆயின் ஆங்கிலேயர் உடம்பில் நிணம் நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவர் உடம்பில் 21.2 பங்கு. புறத்தே ஒல்லி, அகத்தே கொழுப்பு! கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய தோற்றத்தை நம் கூட்டத்திலேயே காண்கின்றேன்; என்னையும் சேர்த்துத்தான் சொல்கின்றேன். இவ்வுடம்புக்கு மெலிந்தோர் தீங்கும் பருத்தோர் தீங்கும் ஒருங்கே வரும். தராசு இதனைக் காட்டாது. தையற்காரர் அளவுநாடாவே காட்டும். விலாவின் கீழெல்லைக்கும் இடுப்பென்பின் மேலெல்லைக்கும் நடுவே சுற்றி அளக்குங்கால், நம் நாட்டு ஆடவர்க்கு 90 செண்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டரும் எல்லையென மருத்துவர் வகுத்துள்ளனர்.

சற்றே என் தொழிலின்பால் திரும்புகின்றேன், பொறுத்தருள்க. இன்று நாம் கொழுப்பு என்பதனைப் பழந்தமிழ் நிணம் என்றும் விழுக்கு என்றும் வழங்கிற்று. கொழுப்பு என்னும் சொல் இப்பொழுது செருக்கையும் குறித்தலின், மேடையில் அதனை அடிக்கடி சொல்லுதற்கு நா கூசுகின்றது. அதனாலேயே தலைப்பில் நிணத்தை வைத்தேன். நம் சித்த மருத்துவர் உடம்பின் கட்டுகள் ஏழெனக் கூறி, சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என நிரல்பட வைத்தனர். ஈண்டு மூளை என்றது தலைக்குள் இருப்பதையன்று. என்பின் உள்ளீடாகிய மச்சையை. ஒன்றினின்று ஒன்று பிறக்கும் என்பது அவர் கொள்கை. கொழுப்பும் என்பும் மச்சையும் ஒட்டியே நிற்றலைக் காண்க. இதனைக்கொண்டு இக்கால அறிவியல் முழுதும் நம் முன்னோர்க்குத் தெரியும் என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அம்மூன்றையும் உறவினராக அடுத்தடுத்து இருத்தினாரே, அது வியக்கற்பாலது.

ஏனெனில், மச்சையினுள்ளே இப்பொழுது கண்டுள்ள செய்தி இது: அங்குள்ள ஒருவகை மூல அணு, என்பாக்கும் அணுவாகவும் ஆகலாம், கொழுப்பணுவாகவும் ஆகலாம். ஒரே நாற்று இரு வயலுக்கு. முதுமையில் அந்நாற்று கொழுப்பின் பக்கமே மிகுதியாகச் சாய்கின்றது, மச்சையில் நிணம் பெருகுகின்றது, என்பு மெலிகின்றது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. உண்ண மறுத்து உடம்பை வருத்தும் மனநோய் வாய்ப்பட்ட இளம்பெண்டிர்க்கு, உடம்பெங்கும் நிணம் வற்றிப்போன நிலையிலும், மச்சையினுள் மட்டும் நிணம் பெருகி என்பு மெலிந்திருக்கின்றது. ஆதலின் பட்டினி கிடந்தால் எல்லா நிணமும் ஒழியும் என்பதும் பொய்.

இளம்பெண்டிரைக் கூறியதனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நம் மாதஇதழின் மணமக்கள் பகுதியில் "மெலிந்த உடலமைப்புடைய மணமகள் தேவை" என்னும் தொடரைப் பார்க்கின்றேன். அதனைப் படிக்கும் பெண்பிள்ளைகள் காலையுணவை விடுகின்றனர். என் வகுப்பிலேயே கண்டிருக்கின்றேன். மாதவிலக்குத் தவறும் அளவு மெலியும் பெண்ணின் என்பு அவ்விளமையிலேயே கரையத் தொடங்குகின்றது. முப்பது அகவைக்குள் சேர்த்து வைக்கவேண்டிய முதலை அவள் அப்பொழுதே செலவழிக்கின்றாள். கடன் கேட்டு வருவது அறுபதில். இதழாசிரியர் அவர்கள் இத்தொடரை இனி அச்சிடாதொழிவாராயின் பெரும் புண்ணியம். அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றார்.

தமக்கையார்பால் மீள்வோம். கணுக்கால் கூடிய பின்னர் அவர்க்கு மூட்டுவலி கண்டது. யாரோ சொன்னாரென்று பெயரெழுதாத சிறு வெள்ளை மாத்திரைகளைப் பொட்டலமாக வாங்கி ஓராண்டுக்கு மேல் விழுங்கினார். வலி மந்திரம்போல் மறைந்தது, பசி பெருகிற்று, முகம் முழுநிலாப்போல் உருண்டது, வயிறு பருத்தது, கைகால் மட்டும் இளைத்தன. "உடம்பு தேறிவிட்டது," என்று உறவினர் மகிழ்ந்தனர். அம்மாத்திரைகள் ஸ்டீராய்டு வகையின என்பதனை அவற்றைக் கண்ட மருத்துவர் கூறித்தான் அறிந்தோம். தக்க நோய்க்குத் தக்க மருத்துவர் தக்க அளவில் தரும்பொழுது அது உயிர் காக்கும் மருந்தே. அதனை யான் பழிக்கவில்லை. ஆனால் நெடுநாள் உண்டால், மச்சையின் மூல அணுக்களைக் கொழுப்பின் பக்கம் திருப்பி, என்பாக்கத்தைத் தடுத்துவிடும். நிணம் ஏற என்பு இறங்கும் நிலைக்கு இதனினும் தெளிந்த சான்று இல்லை. மற்றொன்றும் நினைவிற் கொள்க: நெடுநாள் உண்டவர் இதனை அஞ்சித் திடீரென நிறுத்துதலும் உயிர்க்கு இறுதி பயக்கும். மருத்துவர் வழியே படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

அதன்பின் நீரிழிவும் வந்தது. நீரிழிவாளர் பலர்க்கு என்பின் அடர்த்தி அளவையில் நன்றாகவே தோன்றும். ஆயினும் எளிதில் முறியும். சுவர் பருமனாக இருந்தும் சாந்து கெட்டிருந்தால் என்னாம்?

இங்கேதான் என் பிழை. "அக்கா! எல்லாத் துன்பத்திற்கும் இந்தப் பருமனே காரணம், இளைத்துவிடு," என்று யானே வற்புறுத்தினேன். தம்பி படித்தவன் அல்லனோ! அவர் ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்தினார். முழங்கால் வலியென்று நடையையும் விட்டார். எட்டுத் திங்களில் 14 கிலோ இளைத்தார். யான் பெருமை பாராட்டினேன். ஒன்பதாம் திங்களில் நீர்க்குடத்தைத் தூக்கக் குனிந்தவர் "ஐயோ" என்று அமர்ந்தார். முதுகென்பின் கண்ணிகளுள் ஒன்று தன்பாரம் தாங்காது நசுங்கியிருந்தது. வீழ்ச்சியுமில்லை, அடியுமில்லை.

எடை குறையுங்கால் நிணம் மட்டும் போவதில்லை. தசையும் என்பும் உடன் போகின்றன. இதனை முன்னரே அறிந்திருக்கலாம். அமெரிக்காவில் 65 அகவை கடந்த பருத்தோர் 107 பேரைப் பிரித்து ஓராண்டு ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட செய்தி யாவரும் காணக் கிடந்தது. உணவை மட்டும் குறைத்து இளைத்தோர்க்கு இடுப்பென்பின் அடர்த்தி நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்தது. உணவைக் குறைத்ததோடு பளு தூக்கல் முதலிய பயிற்சியும் செய்தோர்க்கு ஒரு பங்கே குறைந்தது. இளைத்த எடை இரு திறத்தார்க்கும் ஏறத்தாழ ஒன்றே. இழந்த என்பு ஒன்றன்று. என் தமக்கையாரை இளைக்கச் சொன்னது பிழையன்று. நீரிழிவுக்கு அது வேண்டுவதே. பயறும் பாலும் இன்றி, நடையும் பளுவும் இன்றி, விரைந்து இளைக்கச் சொன்னதே பிழை.

இனி உணவைப்பற்றி இம்மலைக்குரிய ஒரு செய்தி. நம் சாமைக்கு இப்பொழுது நகரங்களிலும் நற்பெயர் வந்துவிட்டது. மகிழ்ச்சியே. ஆயின் சாமை உண்டால் என்பு இறுகும் என்று பொட்டலத்தின்மேல் எழுதியிருந்ததைக் கண்டேன். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையைப் பார்மின்: 100 கிராம் சாமையில் சுண்ணச்சத்து 17 மில்லிகிராமே, கேழ்வரகிலோ 344. எள்ளில் 1,450. அகத்திக்கீரையிலும் ஆயிரத்துக்கு மேல்; ஆயினும் கீரையிலுள்ளதும் எள்ளிலுள்ளதும் முழுதும் உடம்பிற் சேருவதில்லை. பசுவின்பால் 100 கிராமுக்கு 120. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்கு 1,200-உம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020-இல் வகுத்தனர். சாமையை விடுமின் என்று யான் கூறவில்லை, அஃது அரிசியினும் நன்று, நார் மிகுந்தது. கேழ்வரகைக் கைவிட்டுச் சாமையை மட்டும் போற்றுதலே கூடாது என்கின்றேன்.

சூரிய ஒளியால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி நிணத்திற் கரைவது. ஆகவே பருத்தோர் உடம்பில் அது நிணத்தினுள்ளேயே தங்கிவிட, குருதியிற் குறைந்து காணும். வெயிலில் நடமாடும் பருத்தவர்க்கும் அது குறைந்திருத்தல் கண்டு வியக்க வேண்டா.

சோதனையைப்பற்றி இரண்டொரு சொல். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இலவசமாகக் குதிகாலை ஒரு பெட்டியில் வைக்கச் செய்து, "உமக்கு என்பு கரைந்துவிட்டது" என்று கூறி மாவு டப்பா விற்போர் உளர். அது முதற்குறிப்பேயன்றி முடிபன்று. டெக்ஸா என்னும் கதிர்ப்படமே அளவை. இளையோர் அடர்த்தியோடு ஒப்பிட்டு வரும் எண் கழித்தல் 2.5 அல்லது அதற்குக் கீழாயின் என்புப்புரை என்பது 1994-இல் உலகச் சுகாதார நிறுவனத்தார் வகுத்த எல்லை. ஆயினும் அந்த எண்ணை மட்டும் நம்பற்க. நின்ற நிலையிலிருந்து வீழ்ந்து ஏற்கெனவே ஓர் என்பு முறிந்தவர், பல திங்கள் ஸ்டீராய்டு உண்டவர், நாற்பத்தைந்துக்கு முன்னரே மாதவிலக்கு நின்றவர், தாய் தந்தையர்க்கு இடுப்பு முறிந்த குடும்பத்தினர், இவர்கள் பருமனாயினும் மெலிவாயினும் மருத்துவரைக் காணல் வேண்டும். என்பு கரைதலைத் தடுக்கும் நல்மருந்துகள் இப்பொழுது உள்ளன. என் தமக்கையார் கணுக்கால் முறிந்தபொழுதே, அன்னையார் கதையையும் சொல்லி இச்சோதனை கேட்டிருக்க வேண்டும். அவரும் பருமன், காயமும் கால்தானே என்று கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

நம் மூத்தோர் விறகையும் புல்லையும் தலையிற் சுமந்து ஏறியிறங்கினர். அவ்வுழைப்பைப் புகழ்ந்து பாடி மீண்டும் அதற்கே செல்க என்று பேசுதல் மேடைக்கு எளிது. அவர் முழங்கால்கள் பட்ட பாட்டை யான் அறிவேன். பேருந்தும் இருசக்கர வண்டியும் வந்தது நன்மையே. ஆயினும் என்பு சுமையைக் கேட்கின்றது. அதற்கு வேறு வழியில் விடை தரல் வேண்டும். நாற்காலியினின்று கைகொடாமல் பத்துமுறை எழுந்தமர்தல், இரு கைகளிலும் நீர்ச்செம்பு ஏந்தி மேலுயர்த்தல், படியேறல் இவையும் சுமையே. முதுகென்பு நசுங்கியவர் மட்டும் குனிந்து பளு தூக்கலாகாது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நாம் கூடியிருக்கும் இம்மண்டபத்தின் வாயிலில் ஏழு படிகள் உள. வழவழப்பான கல் பதித்துள்ளோம், பார்வைக்கு அழகு. பிடித்தேறக் கைப்பிடி இல்லை. இன்று காலை மூதாட்டியர் மூவர் பக்கச்சுவரைத் தடவித் தடவி இறங்கியதைக் கண்டேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கு முன் ஓர் இரும்புக் கைப்பிடி வைத்துத் தருக. செலவில் என் பங்காக ஆயிரம் ரூபாயைப் பொருளாளரிடம் இன்றே கொடுத்துள்ளேன்.

தமக்கையார் இப்பொழுது மருந்து உண்கின்றார். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டார். மாலைதோறும் கோலூன்றிப் பள்ளிக்கூட வாயில்வரை நடந்து வருகின்றார். யான் கதவைப் பூட்டுமளவும் காத்திருந்து உடன் திரும்புகின்றார். நேற்று மாலை, "தம்பி! நாளைக் கூட்டத்தில் என் கதையையும் சொல்லப் போகின்றாயோ?" என்று வினவினார். "பெயர் சொல்லேன் அக்கா," என்றேன். "சொன்னால்தான் என்ன? அந்த வெள்ளை மாத்திரையை மட்டும் மறவாமற் சொல்," என்றார்.

சொல்லிவிட்டேன்.